நோயன்டெட்டல்சாவ்: ஒரு கிராமமும் அதன் பிணியாளர்களும்



இம்முறை உங்களை ஜெர்மனி தேசத்திலுள்ள ஒரு சிறிய ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். ஊரின் பெயர் நோயன்டெட்டல்சாவ். தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் 'நோய்' என்று தொடங்கி 'சாவு' என்று முடிவதுபோலக் கேட்கும். ஆனால் ஜெர்மன் மொழியில் 'நோய்' என்றால் 'புதிய' என்று பொருள். கடைசியில் வருகிற 'ஔ' என்ற ஒலி நீரோடை ஓரத்துப் புல்வெளியைக் குறிக்கும். சற்றுத் தொலைவில் 'பழைய டெட்டல்சாவ்' என்று இன்னொரு சிற்றூரும் உண்டு. ஆக, 'புதிய டெட்டல்சாவ்' என்பதே நம் ஊரின் பெயர். இருந்தாலும் இந்த ஊரின் வரலாற்றை அறிந்தபின், நம் காதில் விழுந்தபடியே அந்தப் பெயரை நினைத்துக்கொள்வதும் தவறல்ல என்று எங்களுக்குத் தோன்றியது. பிணியாளரை வைத்துப் பேர்பெற்ற ஊர் அது. அவர்களுடைய சாவை நீண்ட காலம் வாய்திறந்து பேச முடியாமல் இருந்த ஊரும் அதுதான்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஜெர்மனியின் ஊர்ப் பெயர்கள் சில பழக்கமானவை. சீகன்பால்கு 1706-ம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதால் ஹாலே நகரை அறிவோம். அதற்குப்பின் வந்த லுத்தரன் மிஷனெரிகளால் லைப்சிக்கை அறிவோம். நோயன்டெட்டல்சாவிலிருந்து புறப்பட்டவர்களோ அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினி தீவுக்கும் போனார்கள். ஆகையால் இந்தப் பெயர் நம்மிடையே அதிகம் புழங்கவில்லை.

பவேரியா மாநிலத்தில், நூரம்பெர்க் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் இருக்கிறது. பவேரியா என்றதும் ரோமன் கத்தோலிக்க நாடு என்றே பலர் நினைப்பார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இந்த நடு பிராங்கோனியப் பகுதி மார்ட்டின் லுத்தரின் காலத்திலேயே சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அப்போது அன்ஸ்பாக் நகரத்துச் சிற்றரசர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த இந்த நாடு, 1806-ம் ஆண்டில்தான் பவேரியாவோடு சேர்ந்தது. ஊரின் நடுவே ஒரு கோட்டைமாளிகை உண்டு. 16-ம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அது ஐப் என்னும் பிரபுக் குடும்பத்தின் உடைமை. சுற்றிலும் பைன் மரக்காடு, மணல் கலந்த நிலம், உருளைக்கிழங்கு, தானியம், சில மாடுகள். குடியானவரின் கிராமம் அது. ஆண்டுக்கொருமுறை ஆலயப் பிரதிஷ்டை நாள் வந்தால் ஆட்டமும் பாட்டும், வறுத்த தொத்திறைச்சியும் பீரும். அந்தத் திருவிழாவை அவ்வூர்ப் பேச்சில் 'கெர்வா' என்பார்கள். இதற்குமேல் அந்த ஊரைப்பற்றிச் சொல்ல 1837-ம் ஆண்டுவரை ஒன்றும் பெரிதாக இல்லை.

அந்த ஆண்டில்தான் வில்ஹெல்ம் லோஹே என்னும் 29 வயது போதகர் அங்கே வந்தார். 1808-ம் ஆண்டு நூரம்பெர்க்கை அடுத்த ஃபியூர்த் நகரில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். நூரம்பெர்க்கில் உதவிப் போதகராக இருந்தபோது அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் கூடியது. அப்படிப்பட்டவர் ஒரு நகரத்துச் சபையை எதிர்பார்த்தது இயல்புதான். இந்தக் குக்கிராமத்தை முதன்முதல் பார்த்தபோது, இப்படிப்பட்ட இடத்தில் செத்துக் கிடக்கக்கூட மனம் வராது என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். பின்னர் பலமுறை நகரத்துச் சபைகளுக்கு விண்ணப்பித்தும் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 35 ஆண்டுகள் அங்கேயே இருந்து, 1872-ம் ஆண்டு ஜனவரி 2-ம் நாள் அங்கேயே கண்மூடினார். அவருடைய கல்லறை அந்த ஊரில்தான் இருக்கிறது.

வந்த ஆண்டிலேயே அவர் ஹெலனா என்னும் பெண்ணை மணந்தார். ஆறே ஆண்டுகளில், 1843-ம் ஆண்டு, 24 வயதில் அந்த அம்மையார் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு மரித்தார். லோஹே மறுமணம் செய்துகொள்ளவில்லை. இதை நாங்கள் சொல்வதற்குக் காரணம், பிற்காலத்தில் அவர் தொடங்கிய வேலைகளில் பாதிக்குமேல் இந்தத் துக்கத்துக்குப் பிறகு வந்தவை என்பதே. எளிதில் வளைந்துகொடுக்கும் மனிதர் அல்லர் அவர். மணமுறிவு பெற்ற ஒருவருக்கு மறுமணம் செய்துவைக்க மறுத்ததற்காக 1860-ம் ஆண்டு எட்டு வாரம் திருச்சபை மேலிடம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அவர் தமது முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கிராமத்தை வெளியுலகத்தோடு இணைத்தது ஒரு வேண்டுகோள் கடிதம். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் ஞானஸ்நானம் கொடுக்கவும் அடக்கம்செய்யவும் போதகரில்லாமல் காடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று வீனெகென் என்னும் போதகர் எழுதி அனுப்பியிருந்தார். 1841-ம் ஆண்டு லோஹே அதை வாசித்து, ஒரு ஞாயிறு இதழில் தம் பங்குக்கு எழுதினார். காணிக்கை வந்தது. காணிக்கையைத் தொடர்ந்து ஆட்களும் வந்தார்கள். முதலில் வந்த இருவரில் ஆடம் எர்ன்ஸ்ட் செருப்புத் தைப்பவர். கியோர்க் புர்கர் நெசவாளர். கல்லூரிப் படிப்பில்லாத இந்த இருவருக்கும் லோஹே தம் வீட்டிலேயே ஓராண்டு பாடம் சொல்லிக்கொடுத்து 1842-ம் ஆண்டு கப்பலேற்றினார். 1843 முதல் அமெரிக்கச் செய்திகளைச் சொல்லும் ஒரு சிறு பத்திரிகையையும் நடத்தினார். காணிக்கை கொடுத்தவர்கள் தங்கள் பணம் எங்கே போயிற்று என்பதை அதில் வாசித்து அறிந்தார்கள். இப்படி ஒரு மடலைக் கையில் வைத்து வாசிக்கிற உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

1845-ம் ஆண்டு பிராங்கோனியக் குடும்பங்கள் சில மிச்சிகன் மாநிலத்தில் 'ஃபிராங்கன்மூத்' என்னும் ஊரை நிறுவின. பிராங்கோனியரின் தைரியம் என்பது அதன் பொருள். செவ்விந்திய மக்கள் நடுவே ஒரு சபையாக வாழ்ந்தே சாட்சி சொல்ல வேண்டும் என்பது லோஹேயின் எண்ணம். அந்தக் காரியம் அதிகம் கைகூடவில்லை. ஊர் மட்டும் வளர்ந்தது. இத்தனை பேரை அனுப்பிய லோஹே ஒருநாளும் கடல் கடந்தவர் அல்லர்.

1853-ம் ஆண்டு, மிஷனெரிகளைப் பயிற்றும் பள்ளி நூரம்பெர்க்கிலிருந்து இந்தக் கிராமத்துக்கு மாற்றப்பட்டது. அதை நடத்திய ஃபிரிட்ரிக் பௌவர் ஜெர்மன் இலக்கணம் எழுதியவர். அவருடைய நூலைத்தான் பிற்காலத்தில் டூடென் என்ற புகழ்பெற்ற அகராதி ஆசிரியர் திருத்தி வெளியிட்டார். அங்கே படித்தவர்களில் ஒருவர் யோஹான் ஃபிளியெர்ல், ஒரு குடியானவரின் மகன். 1878-ல் ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்துக்குப் போய், 1886-ம் ஆண்டு ஜூலை 12-ம் நாள் நியூகினி தீவின் ஃபின்ஷ்ஹாஃபென் கரையில் இறங்கினார். மலேரியாக் காய்ச்சல் கரையோரத்தில் கொன்று குவித்ததால், 1892-ல் மேடான இடத்துக்கு ஏறி சாட்டெல்பெர்க் என்னும் நிலையத்தை அமைத்தார். முதல் ஞானஸ்நானம் 1899-ம் ஆண்டில்தான் நடந்தது. பதின்மூன்று ஆண்டு உழைப்புக்குப் பின் இரண்டே இரண்டு வாலிபர்கள்! இன்று பாப்புவா நியூகினியின் லுத்தரன் திருச்சபையில் சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். ஃபிளியெர்ல் முதிர்வயதில் நோயன்டெட்டல்சாவுக்குத் திரும்பி 1947-ல் அங்கே மரித்தார்.

மிஷன் வரலாற்றை விரும்புகிறவர்கள் இத்தோடு திருப்தியடையக்கூடும். ஆனால் ஊரின் தெருவை, வீட்டை, வேலையை, சமையலை மாற்றியது டீக்கனஸ் சகோதரிகளின் இல்லம்தான்.

புதிய ஏற்பாட்டில் கெங்கிரேயா ஊர்ச் சபையில் ஊழியம்செய்த பெபேயாளை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பழைய ஊழியத்தை 1836-ம் ஆண்டு ஃபிளீட்னர் என்னும் போதகர் ரைன் நதிக்கரையில் கைஸர்ஸ்வெர்த் என்ற இடத்தில் மீண்டும் தொடங்கினார். லோஹே முதலில் அப்படியே செய்ய நினைக்கவில்லை. கிராமத்துப் பெண்களை அழைத்து, நோயாளியைப் பேணவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பழக்கி, மறுபடியும் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே அவர் திட்டம். ஊருக்கு ஊர் ஒரு பயிற்சிபெற்ற பெண் இருந்தால் பெரிய கட்டிடம் எதற்கு? 1854-ம் ஆண்டு மே 9-ம் நாள், 'சூரியன்' என்று பெயர்கொண்ட கிராமத்துச் சத்திரத்தில் வாடகை அறைகளில் வகுப்பு தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 12-ம் நாள் சொந்தக் கட்டிடமும் பிரதிஷ்டை ஆயிற்று. நடைமுறையில் பெண்கள் தங்க விரும்பினார்கள், நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள், திட்டம் மாறிப்போயிற்று. பெரிய கட்டிடம் எழும்பியது.

அந்த இல்லத்தைத் 'தாயில்லம்' என்பார்கள். சகோதரி திருமணம் செய்துகொள்வதில்லை. சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குச் சிறு தொகை உண்டு. உடை, உணவு, வியாதியில் பராமரிப்பு, முதுமையில் அடைக்கலம் எல்லாம் தாயில்லத்தின் பொறுப்பு. எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போய் வேலை செய்வாள். மருத்துவமனையோ, சிறுபிள்ளைகளின் பள்ளியோ, தூரத்துக் கிராமத்துச் சபையோ எதுவானாலும் போவாள். திருமணமாகாத பெண்ணுக்கு அண்ணன் வீட்டு அடுப்படியைத் தவிர வேறு இடமில்லாதிருந்த காலம் அது. படிப்பும் தொழிலும் மதிப்பும் ஒருசேரக் கிடைத்த இடத்துக்குப் பெண்கள் விரும்பி வந்ததில் வியப்பில்லை. கீழ்ப்படிதல் அதற்கு விலை. 1883 முதல் 1921 வரை தலைமைச் சகோதரியாக இருந்த தெரேசா ஸ்டேலின் பதினாறு வயதில் மாணவியாக வந்தவர்.

தொடக்கத்திலேயே லோஹே எடுத்த ஒரு முடிவு மற்றவற்றைவிட முக்கியமானது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் பெரியவர்களையும் அவர் ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் குடியானவர் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் தொழுவத்திலோ பின்கட்டிலோ மறைத்து வைக்கப்பட்டது சாதாரணம். அவர்களுக்கு எழுத்து, ஜெபம், கைத்தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்பதையே பலர் நம்பவில்லை. இந்தப் பிரிவு வேகமாக வளர்ந்தது. 1860-களின் இறுதியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே மருத்துவமனைகளும் எழும்பின. கிராமத்தில் இடம் போதாமல் போல்ஸிங்கன், புருக்பெர்க், ஹிம்மெல்கிரோன் என்ற ஊர்களில் பழைய கோட்டைமாளிகைகளை வாங்கிக் கிளை இல்லங்களாக்கினார்கள். தேவைக்கேற்ப மாட்டுப்பண்ணை, ரொட்டிக்கூடம், சலவைக்கூடம், தச்சுப்பட்டறை என்று ஒவ்வொன்றாக வந்தன. 1894-ல் ரயில் பாதையும் வந்தது. ஊரில் ஏதேனும் ஒரு வகையில் இல்லத்தால் பிழைக்காத குடும்பம் அபூர்வம் என்றாயிற்று.

இல்லத்தின் ஆலயம் புனித லாரன்ஸ் பெயரால் அழைக்கப்படுகிறது. ரோமாபுரிச் சபையின் பொருளாளராயிருந்த அந்த உதவிக்காரரிடம் சபையின் பொக்கிஷங்களைக் கொண்டுவரச் சொன்னபோது, அவர் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூட்டிவந்து நிறுத்தினார் என்பது பழைய கதை. அந்தப் பெயரை அங்கே வைத்தவர்கள் பொருள் அறிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிறு தொழிலைப்பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1858-ம் ஆண்டு லோஹே நற்கருணை அப்பம் சுடும் கூடமொன்றை ஏற்படுத்தினார். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்பில்லை, புளிப்பில்லை. தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்துவார்கள். தகட்டில் சிலுவையோ ஆட்டுக்குட்டியோ செதுக்கியிருக்கும். அது மாவில் பதியும். வெந்த தாள் மொறமொறவென்று இருப்பதால் அப்படியே வெட்டினால் நொறுங்கும். ஆகவே ஈரக்காற்றில் வைத்துச் சற்றுப் பதப்படுத்தி, பிறகே வட்டவட்டமாக வெட்டி எடுப்பார்கள். உடைந்ததைப் பொறுக்கி விலக்குவதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். இல்லத்தில் வாழ்ந்தவர்களும் செய்யக்கூடிய வேலை இது. பீடத் துணிகளும் அங்கிகளும் தைக்கும் கூடமும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியது. ஜெர்மனியின் எத்தனையோ ஆலயங்களில் நாவில் வைக்கப்பட்ட அப்பம் இந்தக் கிராமத்தில் சுடப்பட்டது.

இனி எழுதுவது எங்களுக்கு எளிதல்ல. இவ்விதமான மடல்களில் நல்ல செய்தியை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் நோயன்டெட்டல்சாவ் மக்களே இதை மறைப்பதில்லை என்று ஆனபின், நாம் மறைத்து எழுதினால் அது பொய்யாகும்.

1930-களின் தொடக்கத்தில் பிராங்கோனியாவின் சீர்திருத்தச் சபைக் கிராமங்கள் ஹிட்லருக்குப் பெருவாரியாக வாக்களித்தன. நோயன்டெட்டல்சாவ் அதற்கு விலக்கல்ல. ஒழுங்கும் பக்தியும் தேசப்பற்றும் திரும்பி வருகின்றன என்று நம்பிய போதகர்களும் சகோதரிகளும் இருந்தார்கள். ஊரை ஒட்டிய காட்டில் விமானப்படையின் வெடிமருந்துச் சாலை வந்தது, வேலை கிடைத்தது. 1934 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று கருதப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்க வழிசெய்தது. இல்லத்தில் வாழ்ந்தவர்களும் அதற்குத் தப்பவில்லை. இல்லத்தின் தலைமை மருத்துவரே கட்சி உறுப்பினர். குணமாகாத உயிர்களை முடித்துவிடலாம் என்ற கருத்தை 1937-ம் ஆண்டிலேயே ஒரு சொற்பொழிவில் ஆதரித்தவர். பிணியாளருக்குக் காவலாக வைக்கப்பட்டவரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

போர் தொடங்கிய 1939-ம் ஆண்டில் பெர்லினிலிருந்து நாடெங்கும் உள்ள இல்லங்களுக்குப் படிவங்கள் வந்தன. ஒரு நோயாளிக்கு ஒரு படிவம். என்ன நோய், எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார், என்ன வேலை செய்வார், அவரைப் பார்க்க யாராவது ஒழுங்காக வருகிறார்களா என்று கேட்டிருந்தது. சாதாரணக் கணக்கெடுப்புப்போலத் தோன்றும். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் சற்று யோசித்துப் பாருங்கள். யாரும் வராத ஒருவரைக் கொன்றால் கேட்க ஆளில்லை.

1940-ம் ஆண்டு செப்டெம்பரில் மருத்துவர்களும் தட்டச்சு செய்வோரும் அடங்கிய ஒரு குழு நோயன்டெட்டல்சாவுக்கு வந்தது. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிவங்களை நிரப்பிவிட்டுப் போனது. நோயாளிகளைப் பரிசோதிக்கவில்லை. இல்லத்தின் ஏடுகளைப் புரட்டினார்கள், அவ்வளவுதான். ஏடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சகோதரிகள் 80 ஆண்டுகளாக ஒவ்வொருவரைப்பற்றியும் அன்போடும் ஒழுங்கோடும் எழுதிவைத்த குறிப்புகள் இப்போது எதற்குப் பயன்பட்டன என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. ஊருக்கு ஊர் ஒரு பெண் என்ற லோஹேயின் முதல் திட்டமே நிலைத்திருந்தால், இத்தனை பேரை ஒரே இடத்தில் பெயரோடும் எண்ணோடும் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். ஆனால் அவரவர் வீட்டுப் பின்கட்டில் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

1940-ன் பிற்பகுதியிலும் 1941-ன் முதல் மாதங்களிலுமாக 1200-க்கும் மேற்பட்டவர்கள் நோயன்டெட்டல்சாவ் இல்லங்களிலிருந்தும் அதன் கிளைகளிலிருந்தும் அரசு மனநல விடுதிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அன்ஸ்பாக், எர்லாங்கன் முதலிய இடங்களுக்குப் பேருந்துகள் ஏற்றிச் சென்றன. அங்கிருந்து பலர் லின்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்ஹைம் மாளிகைக்கும், பிர்னா நகரின் ஸோன்னென்ஷ்டைனுக்கும் கொண்டுபோகப்பட்டு நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். வீட்டாருக்கு நிமோனியாவென்றோ குடல்வால் வீக்கமென்றோ பொய்க்காரணம் சொல்லும் கடிதம் போயிற்று. 1941 ஆகஸ்டில் வாயுச் சாவுகள் நிறுத்தப்பட்டன. அதன்பின் பவேரிய விடுதிகளில் வேலைசெய்ய முடியாதவர்களுக்கு உணவு குறைக்கப்பட்டது. 1942 நவம்பரில் அது அரசாணையாகவே வந்தது. கொழுப்பும் இறைச்சியும் இல்லாத காய்கறிச் சாறு. சில மாதங்களில் சாவு. இந்த இரண்டு வழிகளிலுமாக நோயன்டெட்டல்சாவிலிருந்து போனவர்களில் 800-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அங்கேயே தங்கவிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்திலும் சமையலிலும் சலவையிலும் கைகொடுக்கக்கூடியவர்கள்.

இல்லம் என்ன செய்தது? அப்போது பொறுப்பிலிருந்தவர் போதகர் ஹான்ஸ் லவுவெரர். தலைமைப்பீடத்திலிருந்து பகிரங்க எதிர்ப்பு எழவில்லை. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது கடமை என்றே வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். எதிர்த்தால் முழு இல்லமும் பறிபோகும் என்ற பயமும் இருந்தது. அதே நாட்களில் வூர்ட்டெம்பெர்க் சபையின் பேராயர் தியோஃபில் வூர்ம் 1940 ஜூலையில் உள்துறை அமைச்சருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். லோபெட்டால் இல்லத்தின் போதகர் பவுல் பிரவுனெ சான்றுகளோடு ஒரு மனுவை எழுதி, அடுத்த மாதமே சிறைக்குப் போனார். 1941 ஆகஸ்ட் 3-ம் நாள் கத்தோலிக்கப் பேராயர் கேலன் மூன்ஸ்டர் நகரில் இதைக் கொலை என்றே பிரசங்கபீடத்திலிருந்து சொன்னார். ஆகையால், யாருக்கும் தெரியாது, யாராலும் பேச முடியாது என்று சொல்வதற்கில்லை. அந்நாட்களில் அங்கிருந்த சகோதரிகளை நியாயந்தீர்க்க நாங்கள் யார் என்ற எண்ணமும் எழுகிறது. தம் கையால் ஊட்டி வளர்த்தவர்களுக்குத் துணிமூட்டை கட்டிக்கொடுத்து வண்டியேற்றியவர்கள் அவர்கள். எத்தனை பேருக்கு என்ன தெரிந்திருந்தது, யார் இரவில் அழுதார்கள் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

போர் முடிந்தது. லவுவெரர் 1953 வரை அதே பொறுப்பில் இருந்தார். காலியான படுக்கைகளில் அகதிகளும் முதியோரும் புதிய நோயாளிகளும் வந்து நிறைந்தார்கள். 1947 டிசம்பரில் ஊரில் அவுகுஸ்தானா என்னும் இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆனால் பேருந்தில் போனவர்களைப்பற்றிப் பேச்சில்லை. இந்த வரலாறு ஆவணங்களோடு ஒரு முழு நூலாக வெளிவந்தது 1991-ம் ஆண்டில்தான். அவர்கள் ஏன் சாகவேண்டியிருந்தது என்று கேட்பதாகவே அந்நூலின் தலைப்பு அமைந்தது. ஐம்பது ஆண்டு. அதற்குள் தாய்மாரும் தகப்பன்மாரும் பெரும்பாலும் மரித்துவிட்டார்கள். உடன்பிறந்தோர் சிலர் மட்டும் முதுமையில் அந்தப் பெயர்களைத் தேடினார்கள்.

இப்போது நோயன்டெட்டல்சாவில் சுமார் 8000 பேர் வாழ்கிறார்கள். இல்லம் 2019-ம் ஆண்டு ஷ்வேபிஷ் ஹால் நகரத்து இன்னொரு ஊழிய நிறுவனத்தோடு இணைந்து 'டியாகோனியோ' என்று பெயர் மாறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலைசெய்கிறார்கள். மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளின் வீடுகள் என்று பல இடங்களில் பரவியிருக்கிறது. அவர்கள் சம்பளத்துக்கு வேலைசெய்யும் செவிலியரும் ஆசிரியரும். வெள்ளைத் தலைமூடி அணிந்த சகோதரிகள் வரவர அருகிவிட்டார்கள்; இருப்பவர்களில் பலர் ஓய்வில் இருக்கும் முதியவர்கள். ஒருகாலத்தில் அவர்கள் இருவர் இருவராக நடந்துபோன தெருவில், நியூகினியிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிற விருந்தினரைக் காணலாம். பவேரியத் திருச்சபையின் வெளிநாட்டு ஊழிய மையம் இன்றும் இவ்வூரில்தான் இருக்கிறது.

பெரிய கட்டிடங்களில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்துவைக்கும் பழக்கமும் மாறிவருகிறது. மாற்றுத்திறனாளிகள் சிறு குழுக்களாகச் சாதாரண வீடுகளில், அயலாருக்கு நடுவே குடியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் ரொட்டிக்கடைக்கு வருகிறவரையும், வழியில் நின்று ஒரே கேள்வியைத் திரும்பத்திரும்பக் கேட்கிறவரையும் ஊர்மக்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. ஐந்தாறு தலைமுறையாகப் பழகிய முகங்கள்.